முதலாம் எட்வர்டின் கொள்வினை, கொடுப்பினை

இந்த ராஜாவின் அம்மா பெயர் எலினோர். மனைவி பெயரும் எலினோர். பிழைத்து வளர்ந்த பிள்ளைகளில் மூத்தவள் எலினோர், அவருக்கு 66 வயதாகும்போது பிறந்த கடைசிக் குழந்தையும் எலினோர்தான். போதாததற்கு ஜோன் என்று இரண்டு பெண்கள், மார்கரெட் என்று ஒரு மகள், அதே பெயரில் இரண்டாவது மனைவி, அதே பெயரில் மருமகளாக வரவிருந்து வராமலே போன ஒரு ஏழு வயதுச் சிறுமி. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றும். நானும் வைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் ஒரு வழி பிடிபட்டது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பின்னால் எந்த நிலம், எந்த எல்லை, யாரோடு சண்டை என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனால் போதும், பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அரச குடும்பங்களில் கல்யாணம் என்பது ஒப்பந்தப் பத்திரம். இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பத்திரத்தில் எழுதப்பட்ட பெண்கள் சிலர், எழுதினவரே எதிர்பார்க்காத வேலை செய்தார்கள். அதுதான் இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

ஆளைப் பற்றி இரண்டு வரி. 1239-ல் பிறந்தவர், 1272 முதல் 1307 வரை ஆண்டவர், வேல்ஸைப் பிடித்தவர், ஸ்காட்லாந்தைப் பிடிக்கப் பார்த்தவர். நல்ல உயரம். 1774-ல் கல்லறையைத் திறந்து அளந்தபோது 6 அடி 2 அங்குலம் இருந்ததாம். கோபமும் உயரத்துக்கு ஏற்ற மாதிரிதான்.

முதல் கல்யாணம் 1254 நவம்பர் 1-ல், ஸ்பெயினில் பர்கோஸ் ஊருக்குப் பக்கத்தில் லாஸ் உவெல்காஸ் என்ற மடத்தில் நடந்தது. பையனுக்கு 15 வயது, பெண்ணுக்கு 13 ஒட்டி. காஸ்டீல் அரசர் பத்தாம் அல்போன்சோவின் தங்கை எலினோர், வேறு வேறு தாய்க்குப் பிறந்தவர்கள். ஏன் அவ்வளவு தூரம் போய்ப் பெண் எடுத்தார்கள்? காஸ்கனிக்காக. பிரான்சின் தென்மேற்கு மூலையில், போர்தோ நகரத்தைச் சுற்றிய திராட்சைத் தோட்டப் பூமி அது. எட்வர்டின் கொள்ளுப்பாட்டி வழியாக ஆங்கிலேய அரசர்களுக்கு வந்த சொத்து. அல்போன்சோவும் அதற்கு உரிமை கொண்டாடினார், அதுவும் எதை வைத்து? அவருடைய கொள்ளுப்பாட்டி ஓர் ஆங்கிலேய இளவரசி, அந்த அம்மாவுக்குச் சீதனமாகப் பேசப்பட்ட நிலம் அது என்று சொல்லி. ஆக, ஒரு பழைய கல்யாணம் கிளப்பிய வழக்கை ஒரு புதுக் கல்யாணத்தை வைத்து முடித்தார்கள். அல்போன்சோ உரிமையை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு, தங்கை போகிற வீட்டில் மாப்பிள்ளை கையில் என்ன இருக்கிறது என்று கறாராகக் கேட்டு, வருடம் 15,000 மார்க் வருமானம் வருகிற நிலங்களை மகன் பெயருக்கு எட்வர்டின் அப்பாவை எழுதிவைக்கச் செய்தார். ஒரு மார்க் என்றால் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 10,000 பவுண்ட். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கிற தொகை.

பேரம் பேசி முடித்த கல்யாணம்தான், ஆனால் இவர்கள் இருவரும் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். சிலுவைப் போருக்குப் போனால் அவளும் கூடவே போனாள், ஆக்கர் கோட்டையில் பிள்ளை பெற்றாள், வேல்ஸ் படையெடுப்பில் கூடாரத்துக்குக் கூடாரம் போய் அங்கேயும் பெற்றாள். வைப்பாட்டிகளும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் சாதாரணமாக இருந்த அரசவை உலகத்தில் எட்வர்டுக்கு அப்படி ஒரு பேச்சே கிடையாது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

எலினோர் பெற்றது குறைந்தது 14. சில கணக்குகளில் 16 வரை போகும், பிறந்து பெயர் வைக்குமுன் போன குழந்தைகள் இருப்பதால். அதில் வளர்ந்து ஆளானவர்கள் 6 பேர். ஐந்து பெண், ஒரு பையன். ஜான் ஐந்து வயதில் இறந்தான், அப்போது பெற்றோர் சிலுவைப் போரில். ஹென்றி ஆறு வயதில், 1274-ல், கில்ட்ஃபோர்டில் பாட்டி வீட்டில் கிடந்து இறந்தான். பெற்றோர் லண்டனில்தான் இருந்தார்கள், அது ஒன்றும் பெரிய தூரம் இல்லை, ஆனாலும் வந்து பார்க்கவில்லை. இதைப் படிக்கும்போது மனம் கொஞ்சம் சுணங்கத்தான் செய்யும். பாட்டி மட்டும் கூட இருந்தாள்.

மூன்றாவது வாரிசின் பெயர்தான் சுவாரசியம். அல்போன்சோ! தாய்மாமன் பெயர். 1273-ல் பிறந்து, ஏறக்குறைய பத்து வருடம் இங்கிலாந்தின் பட்டத்து வாரிசாக இருந்தான். ஹாலந்து பிரபு ஐந்தாம் ஃபுளோரிஸின் மகளை இவனுக்குப் பேசி முடித்து, கல்யாணத்துக்காகப் பொன்னும் வண்ணமும் தீட்டிய, பைபிள் பாடல்களான சங்கீதங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றைத் தயாரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். 1284-ல் தோற்கடிக்கப்பட்ட வேல்ஸ் இளவரசரின் கிரீடத்தைக் கொண்டுபோய் வெஸ்ட்மின்ஸ்டரில் காணிக்கை வைத்தவனும் இவன்தான். அதே வருடம் ஆகஸ்டில் இறந்துபோனான், 10 வயது. சாவுக்கு நாலு மாதம் முன்பு கார்னார்வனில் தம்பி எட்வர்ட் பிறந்திருந்தான். அந்த நாலு மாதக் குழந்தை வாரிசாகிவிட்டது. இல்லையென்றால் இங்கிலாந்தின் அரசர் வரிசையில் அல்போன்சோ என்று ஒரு பெயர் நடுவில் உட்கார்ந்திருக்கும். ('ஆங்கிலம் பேசத் தெரியாத இளவரசனைத் தருகிறேன்' என்று வேல்ஸ் மக்களிடம் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினார் என்ற கதை கேட்டிருப்பீர்கள். அது சுமார் 300 வருடம் கழித்து எழுதப்பட்ட கதை. குழந்தை பிறந்தபோது அவன் வாரிசே இல்லை. அவனுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் கொடுத்தது 1301-ல்.)

சரி, பெண்களுக்கு வருவோம். அதற்குமுன் அந்தக் காலத் திருச்சபைச் சட்டத்தில் மூன்று விஷயம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒன்று, ஏழு வயதிலேயே நிச்சயம் செய்யலாம், ஆனால் பெண்ணுக்கு 12, பையனுக்கு 14 ஆன பிறகுதான் கல்யாணம் செல்லும். அதனால்தான் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாப்பிள்ளைகள் செத்துக்கொண்டே இருப்பதைப் பார்ப்பீர்கள். இரண்டு, நெருங்கிய சொந்தத்தில் கட்ட முடியாது, ஐரோப்பிய ராஜ குடும்பங்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று சொந்தம், ஆகவே போப்பிடம் விலக்குக் கடிதம் வாங்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: ஆணும் பெண்ணும் 'உன்னை இப்போதே ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டால் அது கல்யாணம். சாமியார் வேண்டாம், சாட்சி வேண்டாம், அப்பா சம்மதம் கூட வேண்டாம். சபை அதைத் தவறு என்று திட்டும், ஆனால் செல்லாது என்று சொல்லாது. இந்த மூன்றாவது விதி எட்வர்டின் தலையில் எப்படி விழுந்தது என்று பாருங்கள்.

இரண்டாவது மகள் ஜோன், ஆக்கரில் பிறந்ததால் ஆக்கர் ஜோன். முதலில் பேசியது ஜெர்மானிய அரசர் ருடால்பின் மகன் ஹார்ட்மனை. அவன் 1281-ல் ரைன் நதியில் மூழ்கி இறந்தான். அடுத்து எட்வர்ட் உள்நாட்டிலேயே பார்த்தார்: குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர், ராஜ்யத்திலேயே பெரிய நிலக்காரர்களில் ஒருவர், பழைய கலகக்காரர், வயது 46. பெண்ணுக்கு 18. 1290 ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டரில் கல்யாணம். இதில் எட்வர்ட் செய்த ஏற்பாட்டைக் கவனியுங்கள், ஏனென்றால் மனிதர் இதை மறுபடியும் செய்வார். மாப்பிள்ளை தன் நிலம் முழுவதையும் ராஜாவிடம் ஒப்படைக்க வேண்டும். ராஜா அதைத் திருப்பிக் கொடுப்பார், ஆனால் இப்போது புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் கூட்டாக. நாளைக்குக் கில்பர்ட் போய்விட்டால் சொத்து ஜோன் கையில் இருக்கும், அவளுக்குப் பின் அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கு. அடங்காத பிரபுவின் சொத்தைத் தன் பேரப்பிள்ளைகள் பக்கம் சண்டையே போடாமல் திருப்பிவிட்டார்.

1295-ல் கில்பர்ட் இறந்தார். ஜோனுக்கு 23 வயது, நாலு குழந்தைகள், கை நிறைய நிலம். எட்வர்ட் உடனே சவாய் பிரபு அமதேயஸோடு பேச்சைத் தொடங்கினார். ஜோன் என்ன செய்தாள்? தன் வீட்டுச் சேவகத்தில் இருந்த ரால்ஃப் டி மான்தெர்மர் என்ற சாதாரண இளைஞனை அப்பாவிடமே அனுப்பி வீரர் பட்டம் வாங்கித்தரச் செய்து, 1297 தொடக்கத்தில் ரகசியமாக அவனையே கட்டிக்கொண்டாள். சேதி கசிந்ததும் ராஜா நிலங்களைப் பறித்தார். மகள் ஏற்கெனவே கல்யாணமானவள் என்பது தெரியாமலோ, தெரிந்தும் நம்ப மனமில்லாமலோ, மார்ச் மாதத்தில் சவாய் பிரபுவுக்கு நிச்சயமும் செய்தார். உண்மை முழுதாக வெளிவந்தபோது ரால்ஃப் பிரிஸ்டல் கோட்டைச் சிறையில். ஜோன் அப்பா முன்னால் வந்து சொன்னதாக வரலாற்று ஏடு ஒன்று தரும் வாதம் இதுதான்: பெரிய பிரபு ஒருவர் ஏழைப் பெண்ணைக் கட்டினால் யாரும் கேவலமாகப் பேசுவதில்லை, அப்படியானால் ஒரு பிரபுவின் மனைவியாக இருந்தவள் தகுதியுள்ள இளைஞனைக் கட்டி உயர்த்தினால் மட்டும் என்ன தப்பு? வாதம் அவ்வளவு பலமோ இல்லையோ, சட்டம் அவள் பக்கம். சொன்ன வார்த்தை சொன்னதுதான். ராஜாவால் மருமகனைச் சிறையில் வைக்க முடியும், கல்யாணத்தைக் கலைக்க முடியாது. சில மாதத்தில் ரால்ஃபை விடுவித்தார். நேற்றுவரை சேவகனாக இருந்தவன் மனைவி வழியில் குளோஸ்டர் பிரபு என்று அழைக்கப்பட்டான், ராஜாவின் ஸ்காட்லாந்துப் போர்களிலும் நன்றாகவே வேலை செய்தான்.

அதே 1297-ல் கடைக்குட்டிப் பெண் எலிசபெத்தோடும் தகராறு. வேல்ஸில் ருட்லானில் பிறந்தவள், 14 வயது. செத்துப்போன அல்போன்சோவுக்குப் பேசிய பெண்ணின் தம்பி, ஹாலந்து பிரபு முதலாம் ஜான், இவளுக்கு மாப்பிள்ளை. அண்ணன் விட்ட சம்பந்தத்தைத் தங்கை வழியாகப் பிடித்துக்கொண்டார்கள், அரைகுறையாக நின்ற அந்தச் சங்கீதப் புத்தகமும் பிறகு இவளுக்கே போனது. ஜனவரியில் இப்ஸ்விச் நகரத்தில் கல்யாணம். முடிந்ததும் மாப்பிள்ளையோடு ஹாலந்து போகமாட்டேன் என்று பெண் நின்றுவிட்டாள். அந்த வருட அரண்மனைக் கணக்கில் ஒரு செலவு வருகிறது, அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைக்கே உரிய அமைதியோடு: ஹாலந்து பிரபுவின் மனைவியுடைய சிறு கிரீடத்துக்கு ஒரு பெரிய மாணிக்கமும் ஒரு பெரிய மரகதமும் வாங்கிப் பதித்தது, ராஜா அதை நெருப்பில் எறிந்தபோது தொலைந்தவற்றுக்குப் பதிலாக. அவ்வளவுதான். என்ன பேசிக்கொண்டார்கள், யார் முதலில் கத்தினார்கள் என்பதெல்லாம் இல்லை. கல் விழுந்த கணக்கு மட்டும்.

(கோபத்துக்குக் கணக்கு எழுதுவது அந்த வீட்டில் புதிது இல்லை. 1290-ல் இன்னொரு மகள் மார்கரெட்டின் கல்யாணத்தன்று ஒரு சேவகனைக் கோலால் அடித்துவிட்டு, நஷ்ட ஈடாக 13 பவுண்ட் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கொடுத்திருக்கிறார்.)

எலிசபெத்தின் ஹாலந்து வாழ்க்கை நீளவில்லை. 1299-ல் ஜான் இறந்தான், பிள்ளை இல்லை, 17 வயதில் விதவையாக வீடு திரும்பினாள். 1302-ல் ஹெர்ஃபோர்டு பிரபு ஹம்ஃப்ரி டி போஹனுக்குக் கொடுத்தார்கள். இந்த ஹம்ஃப்ரியின் அப்பா, 1297-ல் வரிக்கும் படைக்கும் ஒத்துழைக்க மறுத்து ராஜாவைத் திணற வைத்தவர்களில் ஒருவர். ஏற்பாடு என்ன என்று ஊகித்திருப்பீர்கள்: நிலத்தை ஒப்படை, இருவர் பெயரிலும் திரும்ப வாங்கிக்கொள்.

மார்கரெட் விஷயம் சுருக்கம்தான். மூன்று வயதில் நிச்சயம், 15 வயதில் பிரபான்ட் பிரபுவின் மகனோடு கல்யாணம், பிரபான்ட் என்றால் இன்றைய பெல்ஜியத்துப் பக்கம், ஆங்கிலேய ஆட்டு ரோமத்துக்கு நல்ல சந்தை. மூத்தவள் எலினோரை ஸ்பெயினின் அராகன் அரசருக்குப் பேசி, 1290-ல் பிரதிநிதியை நிறுத்திச் சடங்கு கூட நடத்திவிட்டார்கள். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்குமுன் அவர் 1291-ல் இறந்துபோனார். அப்புறம் 1293-ல் பார் பிரபு மூன்றாம் ஹென்றி. பார், பிரபான்ட், ஹாலந்து மூன்றையும் வரைபடத்தில் தொட்டுப் பாருங்கள், பிரான்சின் வடக்கிலும் கிழக்கிலும் வேலி போட்ட மாதிரி இருக்கும். 1294-ல் பிரெஞ்சு அரசர் நாலாம் பிலிப் காஸ்கனியைப் பறித்தபோது அந்த வேலியைத்தான் எட்வர்ட் நம்பினார். பெரிதாக உதவவில்லை. பார் மாப்பிள்ளை ஷாம்பேன் பகுதிக்குள் படை நடத்திப் போய்ச் சிக்கிக்கொண்டார்.

கல்யாணமே ஆகாதவள் மேரி. பாட்டி கேட்டுக்கொண்டதால் 1285-ல் ஆறு வயதில் ஆம்ஸ்பரி மடத்தில் கன்னிகாஸ்திரியாக்கினார்கள், அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை என்று சொல்வார்கள். பாவம் குழந்தை என்று நினைத்தால், மேரி அப்படியொன்றும் அடைந்து கிடக்கவில்லை. வருடாந்திரப் படி, ராஜாவின் காட்டிலிருந்து விறகு, திராட்சை மது, நினைத்தபோது அரண்மனைக்கு வருகை. சூதாடி ஏறிய கடனை அப்பா கட்டியிருக்கிறார். அவள் இறந்து பல வருடம் கழித்து வாரென் பிரபு என்பவர், தன் மனைவியைத் தள்ளிவைக்க வழி தேடி, 'கல்யாணத்துக்கு முன் எனக்கு மேரியோடு தொடர்பு இருந்தது' என்று கிளப்பினார். மனைவியோ மேரியின் அக்காள் மகள். சித்தியைத் தொட்டவன் அக்காள் மகளைக் கட்டினால் சபைச் சட்டப்படி செல்லாது என்பது கணக்கு. மறுத்துப் பேச மேரி உயிரோடில்லை என்பது அவருக்கு வசதி. எனக்கு அந்த ஆளைத் துளியும் நம்பத் தோன்றவில்லை.

பையன் எட்வர்டுக்குப் பேசியதுதான் எல்லாவற்றிலும் பெரிய சம்பந்தமாக இருந்திருக்கும். ஸ்காட்லாந்து அரசர் 1286-ல் குதிரையிலிருந்து விழுந்து இறக்க, மிச்சம் இருந்த வாரிசு நார்வேயில் வளர்ந்த பேத்தி மார்கரெட். ராஜாவுக்கு அவள் சொந்தத் தங்கையின் பேத்தி. 1290-ல் இரண்டு குழந்தைகளுக்கும் ஒப்பந்தம் முடிவானது, பையனுக்கு 6, பெண்ணுக்கு 7. கப்பலில் வந்தவள் செப்டம்பரில் ஆர்க்னி தீவில் இறந்தாள். ஸ்காட்லாந்தைக் கல்யாணத்தால் சேர்க்கும் வழி அடைபட, எட்வர்ட் 1296-ல் படையோடு போனார், மிச்ச ஆயுள் முழுக்க அந்தப் போரிலேயே கழிந்தது.

அந்த 1290 நவம்பரிலேயே மனைவியும் போனாள், லிங்கன் பக்கம் ஹார்பி என்ற கிராமத்தில். உடல் லண்டன் வந்த வழியில் இரவு தங்கிய 12 இடங்களில் கல் சிலுவைத் தூண் எழுப்பினார். மூன்று இன்னும் நிற்கின்றன. சேரிங் கிராஸ் என்ற ஊர்ப் பெயரில் உள்ள கிராஸ் இதுதான், இப்போது ரயில் நிலையத்தின் முன் நிற்பது 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய நகல். அடுத்த ஈஸ்டரில் நடந்த ஒன்று எனக்குத் தூண்களைவிடப் பெரிதாகப் படுகிறது. ஈஸ்டர் திங்களன்று ராணியின் தோழிகள் ராஜாவைப் படுக்கையிலேயே மடக்கிப் பிடிப்பார்கள், அவர் பணம் கொடுத்துத்தான் ராணி அறைக்குப் போக முடியும், இது அந்த வீட்டு விளையாட்டு. 1291-ல் ராணி இல்லை. தோழிகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்.

ஒன்பது வருடம் கழித்து மறுமணம், காரணம் திரும்பவும் காஸ்கனி. பறித்த நிலத்தைத் திருப்பித் தர பிலிப் சம்மதித்தார், அதைக் கட்டிப்போட இரண்டு கல்யாணம்: பிலிப்பின் தங்கை மார்கரெட் ராஜாவுக்கு, பிலிப்பின் மகள் இசபெல்லா இளவரசனுக்கு. அதாவது இசபெல்லாவுக்கு அத்தையே மாமியார். 1299 செப்டம்பரில் கேன்டர்பரியில் 60 வயது மாப்பிள்ளைக்கும் இருபதை ஒட்டிய பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. கேட்க என்னவோ போலிருந்தாலும் மார்கரெட் அந்த வீட்டில் நல்ல பெயர் எடுத்தாள். கோபக்கார அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே சமாதானம் பேசினாள், எத்தனையோ பேருக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்தாள். தாமஸ் 1300-ல், எட்மண்ட் 1301-ல், எலினோர் 1306-ல் பிறந்தார்கள். அந்தச் சின்ன எலினோர் ஐந்து வயதில் போய்விட்டாள்.

மொத்தக் கணக்கில் ஆளான பிள்ளைகள் எட்டு. இவர்கள் வழியாக நடந்தது நிறைய. ஜோனின் மகன் 1314-ல் பேனக்பர்ன் போரில் இறக்க, கிளேர் சொத்து மூன்று பெண்களுக்குப் பிரிந்தது. அதில் ஒருத்தியின் புருஷன் அந்தப் பங்கு போதாமல் ஆடிய ஆட்டம் நாட்டையே கலகத்தில் தள்ளியது. இன்னொருத்தி எலிசபெத், கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரி அவள் பணத்தில் நிற்பது. எட்மண்டை 1330-ல் தலை வெட்டத் தீர்ப்பானபோது வெட்ட ஆள் வராமல் நாள் முழுக்கக் காத்திருந்து, கடைசியில் தன் உயிருக்கு மன்னிப்புக் கேட்ட ஒரு கைதி வெட்டினான். அந்த எட்மண்டின் மகள் வயிற்றுப் பிள்ளைதான் பின்னால் இரண்டாம் ரிச்சர்ட் என்று அரசரானது.

இசபெல்லாவின் கல்யாணம் 1308 ஜனவரியில் பூலோனில் நடந்தது, அதற்குள் பெரிய எட்வர்ட் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. காஸ்கனிச் சண்டையை மூடுவதற்குக் கட்டிய கல்யாணம் அது. இசபெல்லாவின் சகோதரர்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் பிரெஞ்சு அரியணையில் ஏறி, ஆண் வாரிசு நிலைக்காமல் போனார்கள். அவளுடைய மகன் மூன்றாம் எட்வர்ட், தாத்தா பிலிப்பின் பேரன் என்ற முறையில் பிரான்சே தனக்குத்தான் என்று கேட்டார். 1337-ல் புதிய பிரெஞ்சு அரசர் காஸ்கனியை மறுபடி பறிமுதல் செய்தார், நூறு வருடப் போர் அதில்தான் தொடங்கியது. 1453-ல் காஸ்டியோன் என்ற இடத்தில் தோற்றபோது காஸ்கனி ஆங்கிலேயர் கையைவிட்டு ஒரேயடியாகப் போனது.